கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பது ஏன்?



தேயிலை உண்மையில் ஒரு மரம். விதைக்காக வெட்டாமல் விட்டுவிட்டால் 30 அடிக்கு மேலும் வளரும், பூக்கும், காய்க்கும். அந்த மரத்தை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது நம்முடைய தாய்மார், அக்கா தங்கச்சிமாரின் விரல்களும் கவ்வாத்துக் கத்தியும்தான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலம் தொட்டு இந்த வேலை நடந்து வருகிறது. கொழுந்தைக் கிள்ளியதும் செடிக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

நுனிமொட்டின் அதிகாரம்

செடிக்கு மூளை இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் ஒரு பகுதி மற்றப் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியைக் கொண்டு போகும் பொருள்களைத்தான் ஓமோன்கள் என்கிறோம். மிகச் சிறிய அளவே போதும், வேலை பெரிதாக நடக்கும்.

புல் நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை என்று 1880இல் சார்ல்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் எழுதினார்கள். நுனியிலிருந்து கீழே இறங்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்பதை 1928இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வென்ற் காட்டினார். அந்தப் பொருளின் பெயர் ஒட்சின்.

ஒட்சின் நுனிமொட்டிலும் இளம் இலைகளிலும் உண்டாகிக் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் இலைக் கக்கத்தில் உள்ள பக்கமொட்டுகள் உறங்கியே கிடக்கும். நுனியைக் கிள்ளிப்போட்டால் அதிகாரம் போய்விடும், பக்கமொட்டுகள் எழும்பும். வேரிலிருந்து மேலே வரும் சைற்றோகைனின் என்ற இன்னொரு ஓமோன் அவற்றைத் தட்டி எழுப்பும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நுனியை வெட்டியதும் அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சீனிச்சத்து பக்கமொட்டுக்குப் போய்ச் சேருவதே முதல் எழுப்பல் என்று 2014இல் பட்டாணிச் செடியில் கண்டார்கள். ஆகவே வெட்டினால் மட்டும் போதாது. மொட்டுக்குச் சாப்பாடும் வேண்டும்.

கவ்வாத்தும் வேரின் சேமிப்பும்

சாப்பாடு செய்வது இலை. மிச்சம் வேரில் மாப்பொருளாகச் சேர்கிறது. 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டும்போது இலை முழுவதும் போய்விடும். புதுத்துளிர் வந்து இலை விரியும் வரை செடி அந்தச் சேமிப்பைத் தின்றுதான் உயிர் வாழும். சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் செத்துப்போகும். அதனால்தான் வெட்டுவதற்கு முன் வேர்த்துண்டில் அயடீன் தடவிப் பார்க்கிறார்கள். கருநீலமாக மாறினால் மாப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். சில செடிகளில் ஓரிரு கிளையை இலையோடு விட்டு வெட்டுவதும் இதற்காகத்தான்.

வெயில் காலத்தில் கொழுந்து குறைவது

மண்ணில் ஈரம் குறைந்தால் செடி அப்சிசிக் அமிலம் என்ற ஓமோனைக் கூடுதலாகச் செய்கிறது. அது இலையின் நுண்துளைகளை மூட வைக்கும், தண்ணீர் வெளியேறுவது குறையும். ஆனால் துளை மூடினால் காற்றும் உள்ளே வராது, இலை சாப்பாடு செய்வதும் குறைந்துபோகும். துளிர்ப்பு நிற்கும், மொட்டுகள் சுருங்கி உறங்கிப்போகும்.

நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்தால் பேரும் குறையுது, மனசும் நோகுது. வறட்சியில் கூடையில் கொழுந்து குறைவதற்குக் கொழுந்து பறிப்பவரின் சோம்பல் காரணம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. செடி தன் உயிரைக் காக்கிறது. இதை வேலை வாங்குகிறவர்களும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

பூப்பதற்கு இருட்டும் வேண்டும்

லயத்து வாசலில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே வைத்த செவ்வந்தி இலையாகவே வளர்ந்து பூக்காமல் நிற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். செடிகள் பகல் இரவின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்று 1920இல் அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இருவர் எழுதினார்கள். செவ்வந்திக்கு நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவு வேண்டும். நம்முடைய நாட்டில் எந்த மாதத்திலும் இரவு 11 மணித்தியாலத்துக்குக் குறைவதில்லை, அது செவ்வந்திக்குப் போதும். மின்விளக்கு அந்த இரவை உடைத்துவிடுகிறது. இருட்டை அளப்பது இலை. இலையில் உண்டாகும் ஒரு புரதமே நுனிக்குப் போய் 'பூ வை' என்று சொல்கிறது என்பது 2007இல் தெளிவானது.

நாம் செய்யக்கூடியவை

1. உறங்கிப்போன மொட்டைச் செடியில் விட்டுவைக்காமல் கிள்ளிவிடுங்கள். அதற்குக் கீழே உள்ள மொட்டு எழும்பும்.

2. கிலோவுக்காக அடி இலைகளையும் சேர்த்து உருவ வேண்டாம். இன்று அந்த இலை போனால் நாளைய துளிருக்குச் சாப்பாடு இல்லை.

3. செவ்வந்தித் தொட்டியை இரவில் விளக்கு வெளிச்சம் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

4. பிள்ளைகளே, இரண்டு தொட்டியில் கௌப்பி விதை போடுங்கள். நாலைந்து இலை வந்ததும் ஒன்றின் நுனியை மட்டும் கிள்ளுங்கள். பத்து நாள் கழித்து இரண்டிலும் பக்கக் கிளைகளை எண்ணிப் பாருங்கள். கண்டதைக் கொப்பியில் எழுதி எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

ஓமோன் என்ற பெயர் நம் பாட்டிமாருக்குத் தெரியாது. ஆனால் எதைக் கிள்ளலாம், எதை விடலாம் என்பது அவர்கள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அந்த விரல்களின் அறிவுக்குப் பிற்காலத்தில் கிடைத்த விளக்கம்தான் மேலே சொன்னது. பெரியவர்களிடம் கேட்டுப் படியுங்கள். படித்ததை அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.