குருணையைத் துடைக்காதீர்கள்

2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாத்தாவைப் பற்றித்தான் பேச்சு. வெற்றிலைக் கொடிக்காலிலேயே ஆயுளைக் கழித்தவர் அவர். 1994-ல் நண்பனிடம் பெண்டாக்ஸ் கே1000 கேமராவை இரவல் வாங்கி, தென்கரைப் பக்கம் இருந்த அவருடைய கொடிக்காலில் ஒரு ரோல் எடுத்திருந்தேன். கறுப்பு வெள்ளை, 400 வேக ஃபிலிம். அந்த நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, ஒரு லேபில் கொடுத்து ஸ்கேன் வாங்கி, குழுவில் போட்டேன்.

அக்கா மகன் உடனே கேட்டான்: "மாமா, படம் பூரா மணல் தூவுன மாதிரி இருக்கே, ஆப்ல போட்டு கிளியர் பண்ணவா?" பண்ணியும் அனுப்பிவிட்டான். கன்னம் மெழுகாக வழவழத்தது. வாயில் வெள்ளை வெளேரென்று ஒரு பல்வரிசை. அம்மா போனை வாங்கிப் பார்த்தார். "யாருடா இது? எங்க அய்யா பல்லு இப்படியா இருக்கும்?" என்றார். அறுபது வருடம் வெற்றிலை போட்ட பல் அது. காவி ஏறி, முன்பல் ஒன்று விழுந்து போயிருந்தது. அந்த ஆப், ஃபிலிமில் இல்லாத ஒரு மனிதரை வரைந்து வைத்திருந்தது.

அன்றிலிருந்து ஸ்கேன் வேலையை நானே செய்கிறேன். கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில், அந்த 'மணல்' என்ன என்று தெரிய வேண்டும். ஃபிலிமில் வெள்ளி உப்புப் படிகங்கள் இருக்கின்றன. குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ வேண்டுமானால் படிகம் பெரிதாக இருக்க வேண்டும். கழுவியதும் அவை கருத்த வெள்ளித் துகள்களாக நின்றுவிடும். இதைத்தான் கிரெயின் என்கிறோம். நெல் விளையும் ஊர்க்காரன் என்பதால் எனக்கு அது குருணை. வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும், கொடிக்காலுக்குள் அகத்தி நிழலில் மங்கல்தான். 400 இல்லாமல் அங்கே கையில் கேமரா பிடித்து எடுத்திருக்கவே முடியாது. அந்தக் குருணை அந்த நிழலுக்குச் சாட்சி. அதோடு, வெற்றிலையின் மெல்லிய நரம்பும் குருணையும் என் நெகட்டிவில் ஏறக்குறைய ஒரே அளவு. குருணையைத் துடைக்கிற எந்த மென்பொருளும் நரம்பையும் சேர்த்தே துடைக்கும். இலை பிளாஸ்டிக் போல ஆகிவிடும்.

ஆனால் திரையில் தெரியும் புள்ளி எல்லாமே குருணை அல்ல. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளானது. லேப் தந்த ஸ்கேனில் இருந்த சொரசொரப்பில் பாதி, குறைந்த அளவில் ஸ்கேன் செய்து கூர்மையை ஏற்றிவிட்டதால் வந்தது. ஸ்கேனரின் புள்ளியும் ஃபிலிமின் துகளும் ஒத்த அளவில் மோதிக்கொள்ளும்போது, நெகட்டிவிலேயே இல்லாத பெரிய திட்டுகள் உண்டாகும். அதே சட்டத்தை (ஃபிரேமை) நல்ல அளவில் எடுத்துப் பார்த்தால் குருணை நைசாக, கோலமாவு போல இருக்கிறது. மேசை ஸ்கேனர் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருந்தாலும், உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் கால்வாசியாக இருக்கலாம். 120 ஃபிலிமுக்கு அது போதும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னச் சட்டத்துக்குப் போதாது.

நான் இப்போது டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படம் எடுக்கிறேன். அடியில் எல்.இ.டி. வெளிச்சப் பலகை, மேலே மேக்ரோ லென்ஸ். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த 36 மில்லிமீட்டர் 6000 புள்ளியாக விழுகிறது; அங்குலத்துக்கு 4200-க்கு மேல். சட்டத்தைச் சுற்றிக் கறுப்பு சார்ட் அட்டையை வெட்டி வைத்தால் பக்கவாட்டு வெளிச்சம் படத்தை வெளுக்க வைக்காது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தூசியை வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும். ரப்பர் பம்ப் நல்லது.

ஃபோகஸ் வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தாத்தாவின் கண்ணில் ஃபோகஸ் வைத்து நானும் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். 1994-ல் என் கை ஆடியிருந்தால் அந்தக் கண் நெகட்டிவிலேயே கலங்கித்தான் இருக்கும். குருணை மட்டும் எப்போதும் கூர்மையானது. அதனால் திரையைப் பெரிதாக்கி, குருணையில் ஃபோகஸ் வையுங்கள். நான்கு மூலையிலும் அது பளிச்சென்று தெரிந்தால் ஃபிலிம் தட்டையாக இருக்கிறது என்று பொருள். இருட்டறையில் என்லார்ஜர் வைத்து பிரிண்ட் போட்டவர்களும் குருணையைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைத்தார்கள்.

ஓரத்து எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அவை கண்ணாடியில் பார்ப்பது போல மாறித் தெரிந்தால் படமே இடம் வலம் மாறியிருக்கிறது. தாத்தாவின் துண்டு தோள் மாறிக் கிடந்ததை அம்மாதான் கண்டுபிடித்தார்.

தூசி நீக்கும் வசதி உள்ள ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரால் தூசியை இனம் காண்கின்றன. கலர் நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி வெளியேறி, சாயம் மட்டும் நிற்பதால் அது நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் வெள்ளியே கதிரை மறித்துவிடும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்துக் குதறும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஸ்டுடியோ நெகட்டிவ் ஒன்றை ஸ்கேன் செய்தபோது, கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் மட்டும் குருணை வேறு மாதிரி, சுருள் சுருளாக இருந்தது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். பென்சில் கீற்று. அம்மைத் தழும்பை மறைக்க யாரோ கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே பொறுமையாக 'டச்சிங்' செய்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியது இது போன்ற கைவேலை அழிந்துவிடக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். வழவழப்பாக்கினால் அந்தக் கலைஞரின் கை போய்விடும்.

இனி பகிர்வது. பெரிய கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டால் அது அளவைக் குறைத்து, நெருக்கியும்விடும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. குருணைதான் அதற்குச் சுமை. முதலில் அதைத்தான் கொறிக்கும். முகத்தில் சதுரம் சதுரமாகத் தெரிவது அதனால்தான். ஆகவே நீங்களே 2000 புள்ளிக்குக் குறைத்து, மிக லேசாகக் கூர்மை ஏற்றி, 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். குறைக்கும்போது குருணை தானாகவே அடங்கும். முழு அளவுக் கோப்பை 16 பிட் டிஃப் ஆகத் தனியே வையுங்கள்.

அப்படித்தான் தாத்தாவின் படத்தை மறுபடி அனுப்பினேன். அம்மா விரலால் பெரிதாக்கி, காவிப் பல்லைப் பார்த்து, "ஆமா, இதுதான்" என்றார்.

ஸ்கேன் எடுத்தாயிற்று என்று நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும். அப்போதும் அந்த நெகட்டிவ் வேண்டும்.