மஞ்சரியை இனம் காண்பது எப்படி?

கேள்வி: சரக்கொன்றையும் மல்லிகையும் கொத்தாகத்தான் பூக்கின்றன. ஆனால் பாடத்தில் ஒன்று நுனிவளர் மஞ்சரி, இன்னொன்று நுனிவளரா மஞ்சரி என்று இருக்கிறது. செடியைப் பார்த்தே இதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– பிளஸ் 1 மாணவி, தென்காசி

பதில்: கொத்தின் உருவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தப் பூ முதலில் மலர்ந்தது என்று பாருங்கள்.

மஞ்சரித் தண்டின் நுனியில் உள்ள மொட்டு பூவாக மாறாமல் வளர்ந்துகொண்டே இருந்தால், புதுப் பூக்கள் நுனிப் பக்கம் உருவாகும். மூத்தவை அடியில் இருக்கும். இதுவே நுனிவளர் மஞ்சரி. நுனி மொட்டே பூவாகிவிட்டால் தண்டின் வளர்ச்சி அங்கே நின்றுவிடும். அடுத்த பூக்கள் அதற்குக் கீழே பக்கவாட்டில்தான் வரும். இது நுனிவளரா மஞ்சரி.

சரக்கொன்றையில் மேலே உள்ள பூக்கள் விரிந்திருக்கும், கீழே மொட்டுகள் இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். சரம் தலைகீழாகத் தொங்குவதால் கிளையோடு சேரும் மேல்முனைதான் அதன் அடி. ஆகவே அது நுனிவளர் மஞ்சரியே. நாயுருவியும் இதே வகை. அதன் பூக்களுக்குக் காம்பு இல்லாததால் அதைக் கதிர் என்கிறோம். கதிரின் அடியில் துணியில் ஒட்டும் காய்கள் முற்றியிருக்கும்போதே நுனியில் மொட்டுகள் இருக்கும்.

மல்லிகையில் மூன்று மொட்டுகள் சேர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். நடு மொட்டுதான் பெரியது, முதலில் மலர்வதும் அதுதான். அதைப் பறித்த பிறகும் இருபுறமும் உள்ள சிறு மொட்டுகள் அடுத்தடுத்த நாட்களில் மலரும். இது நுனிவளரா மஞ்சரி.

சூரியகாந்திக்கும் இந்த விதி பொருந்தும். நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் அடங்கிய தலை மஞ்சரி. ஓரத்தில் இதழ்போல் தெரியும் ஒவ்வொன்றும் விதை தராத ஒரு தனி மலர். தட்டில் உள்ள மலர்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மலர்கின்றன. விதைகளும் அதே வரிசையில் முற்றுகின்றன. தண்டு தட்டாக அகன்றிருப்பதால் இங்கே ஓரம்தான் அடி, நடுப்பகுதிதான் நுனி.

வரையறையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கொத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்து, ஒரு வாரம் தினமும் எந்தப் பூ மலர்கிறது என்று படம் வரைந்து குறித்து வையுங்கள். அந்த வரிசை தெரிந்துவிட்டால், பெயர் தெரியாத செடியின் மஞ்சரியையும் நீங்களே வகைப்படுத்திவிடலாம்.