நீலத்துக்கு நீலம் பிறக்காது

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் மீன் கடைக்காரருக்கு வசவு. ராயல் ப்ளூ ஃபைட்டர் மீன் ஜோடி என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார். அதன் குஞ்சுகள் வளர்ந்த பிறகு பார்த்தால் பாதிதான் நீலம். சிலது பச்சையும் நீலமுமாக மின்னுகிறது, மிச்சம் 'அலுமினியப் பாத்திரம் கழுவின தண்ணி' நிறத்தில் இருக்கிறது. கலப்பட ஜோடியைத் தலையில் கட்டிவிட்டார். இதுதானே உன் வழக்கு?

கடைக்காரர் நிரபராதி. சாட்சி சொல்வதே உன் கடைசி அரைப் பக்கம்தான். மொத்தம் 64 குஞ்சு. நீலம் 31, மின்னுகிற பச்சைநீலம் 18, சாம்பல் 15. கோபத்திலும் எண்ணி எழுதினாய் பார், அதற்காகத்தான் உனக்கு உடனே பதில்.

சின்ன வயதில் பாட்டி வீட்டுத் திண்ணையில் தாயம் ஆட, புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்ப்போமே, நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு. அதில் இரண்டு எடுத்துக்கொள். ஒன்று உன் ஆண் மீன், இன்னொன்று பெண். இரண்டையும் சேர்த்துப் போடு. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் குஞ்சு டர்க்காய்ஸ், நீ சொல்லும் அந்தப் பச்சைநீலம். இரண்டும் பழுப்பானால் ஸ்டீல், உன் பாத்திரம் கழுவின தண்ணி. ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு என்றால் ராயல் ப்ளூ. நூறு தரம் போட்டுப் பார், கலப்பு விழுவது ஏறக்குறைய பாதியாக இருக்கும், மற்ற இரண்டும் கால் காலாக இருக்கும். உன் தொட்டியில் நடந்தது இதேதான்.

அதாவது ராயல் ப்ளூ என்பதே கலப்பு. ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் சேர்ந்தால்தான் அந்த நீலம். அதனால் நீலத்தையும் நீலத்தையும் எத்தனை தலைமுறை சேர்த்தாலும் முழு நீலம் வராது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. குட்ரிச், மெர்சர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1934லேயே ஃபைட்டர் மீனின் நிற மரபைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். நம் பக்கத்தில்தான் இன்னும் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"கணக்கு சரியென்றால் 16, 32, 16 வர வேண்டுமே, ஏன் 18, 31, 15?" என்று கேட்பாய். கேட்காமல் விடமாட்டாய், உன்னைத் தெரியும். புளியங்கொட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது, தம்பி. போன முறை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முட்டைக்கும் புதிதாகத்தான் விழுகிறது. அதோடு நீ எண்ணியது பிழைத்ததை மட்டும். ஆண் மீன் தின்ற முட்டை, இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி போதாமல் முதல் வாரத்தில் செத்தது எல்லாம் என்ன நிறமோ, யார் கண்டது? பத்தே குஞ்சு பிழைத்து பத்தும் நீலமாக இருந்திருந்தால், 'சுத்த ரகம்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாய். அந்த ஆபத்து இல்லாமல் போனதே புண்ணியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முழுக்க நீலமாகக் குஞ்சு வேண்டுமா? டர்க்காய்ஸையும் ஸ்டீலையும் ஜோடி சேர். இரண்டு பக்கமும் வெள்ளையான கொட்டை ஒன்று, இரண்டு பக்கமும் பழுப்பான கொட்டை ஒன்று. எப்படிப் போட்டாலும் கலப்புதான், எல்லாக் குஞ்சும் ராயல் ப்ளூதான். ஆண் எது, பெண் எது என்பது பொருட்டே இல்லை. 'நிறம் அப்பன் வழி, வால் அம்மா வழி' என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவரிடம் இனிமேல் டீ மட்டும் குடி, யோசனை கேட்காதே.

இப்போது தெரிகிறதா நீ என்ன செய்யப் போனாய் என்று? நீலத்தை வைத்துக்கொண்டு, சாம்பலை எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தலைகீழ்! நீலம் விற்பதற்கு, சாம்பல் வைத்துக்கொள்வதற்கு. நானும் முதல் ஈட்டில் இதே காரியத்தைச் செய்தேன். பிறகு ஒரு நல்ல ஸ்டீல் பெண்ணுக்காக மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெண் மீனைக் கடையில் யார் வைத்திருக்கிறார்கள்? ஆணுக்குத்தானே விலை.

எது எது என்று சந்தேகம் வந்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை மீன் இருக்கும் பாட்டிலின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. இந்த நீலம் சாயம் இல்லை. தோலில் இருக்கிற நுண்ணிய படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் தெரிவது. டர்க்காய்ஸ் திரும்பும்போது விலாவில் பச்சை ஓடும், மயில் கழுத்து மாதிரி. ராயல் ப்ளூவில் அந்தப் பச்சை வராது. ஸ்டீலில் வெள்ளி பூசின சாம்பல், அதற்குள் லேசாக நீலம். பகல் வெளிச்சத்தில் பார்த்து நீ 'அழுக்கு' என்று எழுதியது அதைத்தான்.

அடுத்து உன் ஊதா நிறத் திட்டம். சிவப்பு ஆணையும் நீலப் பெண்ணையும் சேர்த்தால் ஊதா வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். இது பெயிண்ட் கடை இல்லை, முரளி. சிவப்பு ஓர் அடுக்கு, கறுப்பு ஓர் அடுக்கு, மின்னும் நீலம் அதற்கு மேல் ஓர் அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொட்டை. சேர்த்தால் பெரும்பாலும் வருவது நீல உடம்பில் சிவப்பு கசிந்த செட்டை, கடையில் 'மல்டி' என்று மலிவாகக் கிடக்குமே, அது. அந்தச் சிவப்பை நீல வம்சத்திலிருந்து துடைக்கத் தலைமுறைகள் ஆகும். செய்யாதே.

சில கொட்டைகள் கலந்து விழுந்தால் ஒன்று மற்றதை முழுசாக மறைத்துவிடும். உடம்பு வெளிறி, செட்டை மட்டும் சிவந்த கம்போடியன் ரகம் அப்படி. கறுத்த உடம்புள்ள இரண்டு மீன் அதை மறைவாகச் சுமந்தால், குஞ்சில் கால்வாசி வெளிறிப் பிறக்கும். அப்போதும் கடைக்காரர்மேல் பாயாதே, தாத்தா பாட்டியைத் தேடு. மெலனோ என்ற கறுப்பு ரகம் இன்னும் பொல்லாதது. அந்த ரகப் பெண் முட்டையிடும், ஆணும் ஒழுங்காகப் பொறுக்கி நுரைக்கூட்டில் வைக்கும், ஆனால் பொரியாது. மெலனோ ஜோடி வாங்கி மூன்று ஈடு வீணாக்கிவிட்டுத் தண்ணீரைத் திட்டினவன் நான். விவரம் தெரிந்தவர்கள் மெலனோ ஆணுக்கு, அந்தக் கறுப்பை மறைவாகச் சுமக்கும் ஸ்டீல் பெண்ணைத்தான் சேர்க்கிறார்கள். பார், மறுபடியும் உன் சாம்பல்!

கோய், மார்பிள் என்ற ஃபைட்டர் ரகங்கள் பக்கம் மட்டும் இந்தக் கணக்கோடு போகாதே. அவற்றில் இடம்விட்டு இடம் தாவுகிற மரபணு ஒன்று இருக்கிறது. வெள்ளை மீன் வாங்கி வருவாய், ரெண்டு மாதத்தில் பாதி நீலமாகி நிற்கும். தன் நிறமே நாளைக்கு என்னவென்று தெரியாத மீனுக்குப் பிள்ளைகளின் நிறத்தை யார் சொல்வது? நீல வம்சத் தொட்டிக்கு அதைக் கொண்டுவராதே, அவ்வளவுதான்.

அண்ணன் தங்கையைச் சேர்க்கலாமா என்று தயங்கியிருக்கிறாய். இந்த ஒரு தலைமுறை சேர்க்கலாம். அதையே வழக்கமாக்காதே, அடுத்ததற்கு வெளியிலிருந்து ஒரு டர்க்காய்ஸ் கொண்டு வா, செட்டையில் சிவப்பு இல்லாததாகப் பார்த்து. பாட்டிலுக்குப் பாட்டில் சீட்டு ஒட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, அப்பன், அம்மா, எத்தனை பிழைத்தது, என்ன நிறம் என்று எழுது. 'ஞாபகம் இருக்கும்ணா' என்று சொல்லாதே, போன பொங்கலுக்கு வாங்கின கடனே உனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பதினைந்து சாம்பலில் எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்று சாயங்காலமே போய் ஆளுக்கு இரண்டு நீலத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கி வந்துவிடு. அதில் பெண் எத்தனை என்று அடுத்த கடிதத்தில் எழுது. ஒன்று எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்