மூச்சுக்கும் இருப்புக் கணக்கு உண்டு

வியாபாரம் செய்கிற நம்மவர் கடைச் சரக்கை ஆண்டுக்கொரு முறை இருப்பெடுத்துப் பார்க்கத் தவறுவதில்லை. நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரலின் இருப்பை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதாகக் காணோம். மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம், "என்ன, மாடி ஏறினால் இப்படி மூச்சு வாங்குகிறதே?" என்று கேட்டுப் பாருங்கள். "வயதாகி விட்டது" என்பார். அல்லது "சிகரெட் இருமல்தான்" என்று சிரிப்பார். வைத்தியர்கள் சி.ஓ.பி.டி. என்று சொல்லும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் பெரும்பாலும் இந்த இரண்டு பதில்களுக்குப் பின்னால்தான் ஒளிந்து கொண்டு வளர்கிறது. அது எந்தப் படியில் நிற்கிறதென்பதைக் குழாயில் ஊதிக் கண்டறியலாம்.

அக்கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்னும் வைத்தியர் இதைக் கொண்டு ஈராயிரத்துக்கு மேற்பட்டோரின் மூச்சை அளந்து வெளியிட்டார். எவ்வளவு காற்று என்பதே அவருடைய கணக்கு. எவ்வளவு வேகமாக என்பதை 1947-ல் டிஃப்னோ என்ற பிரெஞ்சு வைத்தியர் சேர்த்தார். முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றைத் தனியே அளக்கலாமென்றார்.

நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்விக் கொண்டு, முழுப் பலத்தோடு ஒரே மூச்சாக ஊத வேண்டும். உள்ளே இனி ஒன்றுமில்லை என்னும் வரை விடக்கூடாது. குறைந்தது மூன்று தடவை ஊதச் சொல்வார்கள். அரைமனதாக ஊதினால் கணக்கும் பொய்க்கணக்காகி விடும். பிறகு சல்புட்டமோல் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைப்பார்கள். இந்நோய்க்கு எடுத்துக் கொள்வது மருந்துக்குப் பிந்திய கணக்கே. ஆஸ்துமாவில் மருந்துக்குப் பின் மூச்சுக்குழல் பெரும்பாலும் நன்கு திறந்து கொள்ளும். இதில் அடைப்பு எஞ்சி நிற்கும்.

அறிக்கைத் தாளில் எப்.வி.சி. என்பது ஊதிய மொத்தக் காற்று. எப்.இ.வி. 1 என்பது முதல் விநாடியில் வந்தது. ஒருவர் மொத்தம் 3 லிட்டர் ஊதி, முதல் விநாடியில் 1.5 லிட்டர் வந்ததாக வைத்துக் கொள்வோம். விகிதம் 0.50. இது 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டென்று பொருள். அடைப்பு உண்டென்று ஆனபின்தான் படி பார்ப்பது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் முதல் விநாடியில் 2.5 லிட்டர் வரவேண்டுமென்றால், அவர் ஊதியது அதில் 60 சதவிகிதம். 'கோல்டு' என்னும் சர்வதேச அமைப்பின் பகுப்பின்படி, 80-ம் அதற்கு மேலும் முதற்படி, 50 முதல் 79 வரை இரண்டாம் படி, 30 முதல் 49 வரை மூன்றாம் படி, 30-க்குக் கீழே நான்காம் படி. ஆகவே நம்மவர் நிற்பது இரண்டில்.

நிற்க. விகிதம் 0.60-க்கும் 0.80-க்கும் இடையில் இருந்தால் வேறொரு நாளில் மறுபடி ஊதிப் பார்ப்பதே முறை. முதுமையில் விகிதம் தானாகவே சற்றுக் குறைவதால், ஒரே தாளை நம்பி நோயாளிப் பட்டம் சூட்டிவிடக் கூடாது. படி மட்டும் மருந்தைத் தீர்மானிப்பதுமில்லை. இரண்டாம் படியிலுள்ள ஒருவர் ஜமாஅத்துக்கு நடக்கையில் நாலு இடத்தில் நிற்பார். அதே படியிலுள்ள இன்னொருவர் நிற்காமல் போய்ச் சேருவார். மூச்சிரைப்பு எவ்வளவு, ஆண்டில் எத்தனை தடவை நோய் முற்றிப் படுத்தார் என்பவற்றையும் வைத்தியர் கேட்டே முடிவு செய்வார்.

இதில் அவசரம் எங்கே என்று கேட்கலாம். இழந்த நுரையீரல் திரும்பி வராது, அவசரம் அதுதான். லண்டன் தொழிலாளர்களை எட்டாண்டு தொடர்ந்து பரிசோதித்து பிளெட்சரும் பீட்டோவும் 1977-ல் எழுதியது இது: புகையால் பாதிக்கப்படுவோரின் மூச்சு மற்றவர்களைவிட வேகமாகத் தேய்கிறது, புகையை விட்டால் தேய்ந்தது மீளாவிட்டாலும், தேயும் வேகம் புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் படியில் விட்டவருக்கும் நான்காம் படியில் விட்டவருக்கும் கையில் மிஞ்சும் முதல் ஒன்றாகுமா? இதற்கு மருந்துண்டு என்று சொல்லி விடாமலிருப்பவர்களை என்னவென்பது!

சிகரெட் தொடாதவருக்கும் இது வரலாம். ஊரில் விறகடுப்பின் புகையிலேயே காலந்தள்ளிய நம் பெண்மக்களும், முன்பு காசநோய் கண்டவர்களும் கவனிக்கத் தக்கவர்கள். ஏற்கனவே நோயுள்ளவரைப் புகைமூட்டம் படுத்தும் பாடு தனி. 2005 ஆகஸ்டு 11-ல் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டிப் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டதை அப்பகுதிக் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாற்பது வயதைக் கடந்து, புகைப் பழக்கமும் இருமலும் உள்ளவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலோ குடும்ப வைத்தியரிடமோ இப்பரிசோதனையைக் கேட்கலாம். ஊதப் போகும் நாளில் புகை கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டுப் போகவும் கூடாது. அண்மையில் மாரடைப்பு கண்டவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய அறிக்கை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். சென்ற தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எத்தனை மில்லிலிட்டர் குறைந்திருக்கிறது என்பதைத்தான் வைத்தியர் முதலில் பார்ப்பார்.