வேகமாக வீசுகிறவரா நீங்கள்? டிரைவர் தண்டில் கவனம் தேவை!

டிரைவர் என்றதும் கார் ஓட்டுகிறவரை நினைத்துவிடாதீர்கள். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை வெகுதூரம் அனுப்ப முதல் அடிக்கு எடுக்கிற நீளமான மட்டைக்குத்தான் அந்தப் பெயர். அதன் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கிற தண்டு 'ஷாஃப்ட்'.

சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. முழங்கையையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிற கோல்ஃப் அன்பர்களில் பலர், ஆவேசமாக வீசி அடிக்கிறவர்கள். "எந்தத் தைலம் தேய்க்கலாம் டாக்டர்?" என்று கேட்பார்கள். "அது இருக்கட்டும், எந்தத் தண்டுல ஆடறீங்க?" என்று நான் கேட்பேன்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-லேயே தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் தண்டு மரத்தில்தான். பிறகு உருக்குத் தண்டு வந்தது. இன்று டிரைவர்களில் அநேகமாக எல்லாமே கார்பன் இழையால் ஆன கிராஃபைட் தண்டுகள். எடை குறைவு, ரகங்களோ ஏராளம். குழப்பமும் அங்கேதான் ஆரம்பம்!

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்

தண்டின் மேல் ஓர் எழுத்து இருக்கும். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வரிசை. எல் நன்றாக வளையும். எக்ஸ் மிக விறைப்பு. மட்டையின் வீச்சு வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் என்றால் ஆர், 95 முதல் 105 என்றால் எஸ், அதற்கும் மேலே எக்ஸ் என்பது பொதுவான கணக்கு.

ஆனால் இந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ், இன்னொரு கம்பெனியின் ஆர் போல வளையலாம். "நான் பலசாலி, எனக்கு எக்ஸ்தான்" என்று கௌரவத்துக்காக வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நாமும் அதே லேகியத்தைச் சாப்பிடுகிற மாதிரி!

நாடி பார்ப்பது போல

ஆவேசம் வேறு, வேகம் வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. தென் ஆப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் நிதானமாக, சோம்பல் முறிப்பது போல வீசுவார். பந்து எங்கோ போய் விழும். ஜிம்பாப்வேயின் நிக் பிரைஸ் சுறுசுறுவென்று அடிப்பார். இருவருமே உலகப் பெரும் போட்டிகளை வென்றவர்கள்தான்.

மட்டையை மேலே கொண்டுபோய், கீழே திருப்புகிற அந்தக் கணம்தான் முக்கியம். அங்கே வெடுக்கென்று இழுக்கிறவருக்குத் தண்டு அதிகம் வளையும். நிதானமாகத் திருப்புகிறவருக்குக் குறைவாக வளையும். வேகமானி இருவருக்கும் 98 மைல் என்று காட்டினாலும், வெடுக்கென்று இழுக்கிறவருக்குக் கொஞ்சம் விறைப்பான தண்டு பொருந்தலாம். ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனிலும் இன்னொருவருக்கு நெய்யிலும் கொடுக்கிறோம் இல்லையா, அது போலத்தான்.

வலது கைக்காரருக்குத் தண்டு தேவைக்கு மேல் வளைந்தால் பந்து உயரமாகக் கிளம்பி, பெரும்பாலும் இடப்பக்கம் ஓடும். தேவைக்கு மேல் விறைத்தால் தாழ்வாகப் போய் வலப்பக்கம் ஒதுங்கும். கையில் கட்டையால் அடித்த மாதிரி இருக்கும். உடனே என்ன செய்வோம்? இன்னும் பலமாக அடிப்போம். வலிக்கு வித்து அங்கேதான் விழுகிறது.

எடையும் முறுக்கமும் நீளமும்

டிரைவரின் கிராஃபைட் தண்டு 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை கிடைக்கிறது. ஆவேசக்காரர் கையில் 40 கிராம் தண்டு இறகு போல இருக்கும். கை முந்திவிடும், தாளம் தப்பிவிடும். 60, 65 கிராமில் ஆரம்பித்துப் பாருங்கள். ஆனால் எடை கூடக்கூட ஆட்டத்தின் பிற்பகுதியில் தோள் களைக்கும், ஜாக்கிரதை!

தண்டு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் அளவை 'டார்க்' என்பார்கள், டிகிரியில் சொல்வார்கள். பலமாக அடிப்பவர்களுக்கு 3, 4 டிகிரி பொதுவாகச் சரிப்படும். அதற்கும் கீழே போனால் தலை அசையாது, ஆனால் சிலருக்குக் கையில் முரட்டுத்தனமாகப் படும்.

கடைகளில் தயாராக இருக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45, 46 அங்குலம். அரை அங்குலம் குறைத்தால் பலருக்குப் பந்து மட்டையின் நடுவிலேயே படும். ஓரத்தில் பட்டால்தான் கைக்கு அதிர்ச்சி அதிகம்.

சோதித்து வாங்குங்கள்

சென்னையோ கோவையோ, பயிற்சி மைதானத்தில் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு தண்டு, ஒரே தலை, ஒரே மாதிரி பந்து. ஒவ்வொன்றிலும் பத்து அடி. மிகத் தூரம் போன ஒரு பந்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பாருங்கள். கை களைத்த பிறகு அடிக்கிற கடைசி மூன்று அடிகள்தான் உண்மையைச் சொல்லும்.

இன்னொரு சோதனை கடைக்காரர் சொல்லாதது. மறுநாள் காலை எழுந்ததும் முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிப் பாருங்கள். முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் சுரீர் என்றால், 'கோல்ஃப் முழங்கை' எட்டிப் பார்க்கிறது என்று பொருள். அந்தத் தண்டு எவ்வளவு தூரம் அடித்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

உடம்பு பத்திரம்

கைப்பிடியை நசுக்கிப் பிடிக்காதீர்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் தோள், மணிக்கட்டு, இடுப்பை மெதுவாகச் சுழற்றுங்கள். வலி வந்தால் முதலில் ஓய்வு. வீக்கமும் சூடும் இருக்கும்போது தேய்க்கவே கூடாது. அவை தணிந்த பின் உளுந்துத் தைலத்தை இதமாகத் தடவி, நொச்சி இலை ஒற்றடம் கொடுக்கலாம். விரல் மரத்துப் போனாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ கைவைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

டைகர் வுட்ஸ் 2017-ல் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தை மறுபடி வென்றார். அவருக்குப் பின்னால் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் ஒரு படையாகவே நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற நமக்கு, திங்கட்கிழமை ஆபீஸில் பேனா பிடிக்கக் கை வேண்டும் அல்லவா? அந்தக் கைக்கு ஏற்ற தண்டையே வாங்குங்கள்.