வழித்துணை

கிறிஸ்தவனது விசுவாச வாழ்வை யாத்திரை என்று கூறுதல் நம் சபைகளில் பெருவழக்கு. ஆயினும் அவ்யாத்திரை ஒருவன் தனித்துச் செல்வதோ, பலர் கூடிச் செல்வதோ என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். இதற்கு விடைகாண, ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலை ஈண்டு ஆராய்வோம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894-ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்திற்கு முதனூல் இதுவேயாதலின், தமிழ் மாணாக்கராகிய நமக்கு இஃது அயலானதன்று.

மனைவி மக்கள் கூவியழைக்கவும், செவிகளில் விரலிட்டுக்கொண்டு ஓடுகின்றான் கிறிஸ்தியான். உடன்வந்த அயலான் ஒருவனும் முதற் சேற்றிலேயே திரும்பிவிடுகின்றான். இம்மட்டும் நோக்குவார்க்கு இரட்சிப்பு தனிவழியென்றே தோன்றும்.

மரண நிழலின் பள்ளத்தாக்கில் நிலைமை மாறுகின்றது. அடுத்த அடி எங்கு விழுமென்று அறியவொண்ணாத அவ்விருளில், முன்னே எவனோ ஒருவன் சங்கீதம் ஓதிச்செல்லும் குரல் கேட்கின்றது. முகம் தெரியவில்லை; கூப்பிட்டாலும் மறுமொழி இல்லை. எனினும் தெய்வபயமுள்ள மற்றொருவனும் இவ்விருளில் இருக்கின்றான் என்ற அறிவே அவனைத் தேற்றுகின்றது. விடிந்தபின் நிதானி என்பானைக் கண்டு, விரைந்தோடி அவனை முந்துகின்றான். முந்தியதற்காகச் செருக்கி நகைத்தவுடன் இடறி விழுகின்றான். நிதானி வந்து கைகொடுக்கும்வரை அவனால் எழ இயலவில்லை! வழித்துணையைப் பந்தயமாக்குவார்க்கு ஆசிரியர் வைத்த நகைச்சுவை இது. பின்னர் நிதானி கொலையுண்ண, நம்பிக்கை என்பான் துணையாகின்றான். ஈற்றில், ஆற்றில் அமிழும் கிறிஸ்தியானுடைய தலையை நீர்மேல் தாங்குபவன் அவனே.

நிற்க. 1684-ல் வந்த இரண்டாம் பாகமே நம் வினாவிற்கு நிறைவான விடை தருவது. விட்டுச்செல்லப்பட்ட மனைவியும் மக்களும் இதில் புறப்படுகின்றனர். பெருநெஞ்சன் என்னும் வீரன் வழிநடத்துகின்றான். கிருஷ்ண பிள்ளையவர்கள் இப்பாகத்தையும் பாடாதது தமிழுக்கு இழப்பென்பது எம் கருத்து.

இதிலே நொய்ந்த மனத்தன் ஒருவன் சத்திர வாயிலில் பின்தங்கி நிற்கின்றான். பிறர் மகிழ்வது தன்னை வருத்துமென்றும், தான் அனைவர்க்கும் சுமையாவானென்றும் கூறி உடன்வர மறுக்கின்றான். பெருநெஞ்சனோ அவனைக் கடிந்துகொள்ளவில்லை; உமக்காகக் காத்திருப்போம், உமக்கு இடறலான தர்க்கங்களை உமது முன்னிலையில் விடுப்போம் என்கின்றான். வலியோர் மெலியோருக்காகத் தம் நடையை மட்டுமன்று, பேச்சையும் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பதாம்.

மாணாக்கர் ஜெபக்கூட்டங்களில் நடப்பதென்ன? சரளமாக வேண்டுதல் செய்யவல்லார் முன்னிற்கின்றனர். ஐயத்தோடு போராடுவார் பின்வரிசைக்கு நகர்ந்து, சில வாரங்களில் வாராதொழிகின்றனர். அவர்கள் விசுவாசம் குன்றினர் என்று நாம் பேசிக்கொள்ளுகின்றோம். வாயிலில் காத்திருந்தோமா என்று கேட்பாரில்லை.

நொய்ந்த மனத்தன் தயங்கி நிற்கும்போதே, இரண்டு ஊன்றுகோல்களால் நடக்கும் மற்றொருவன் அவ்வழியே வருகின்றான். தன் கோல்களில் ஒன்றைத் தருவதாக அவன் கூற, இருவரும் சேர்ந்து செல்கின்றனர். ஆற்றைக் கடக்கும் நாள் அவனுக்கு முதலில் வருகின்றது. அப்பொழுது அவ்வூன்றுகோல்களைத் தன் மகனுக்கு உரிமையாக எழுதிவைத்துவிட்டுக் கரையில் இறங்குகின்றான்.