விழுப்புரம் – திண்டிவனம்: ஒரே நாளில் மூன்று குடைவரைகள், ஒரு கோட்டை

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் பலர், வழியில் இருக்கும் குடைவரைகளைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

1. மண்டகப்பட்டு: விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் பிரமன், சிவன், திருமாலுக்கு இதை அமைத்ததாக அவனது வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. மூன்று கருவறைகளும் இப்போது காலிதான். இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர்களை நிதானமாகப் பாருங்கள்.

2. தளவானூர்: இதுவும் மகேந்திரவர்மன் காலத்ததே. பெயர் சத்துருமல்லேசுவராலயம், ‘சத்துருமல்லன்’ என்பது அவனது பட்டப்பெயர். முகப்பின் மேலே மகர தோரணத்தைத் தேடிப் பாருங்கள்.

3. செஞ்சிக் கோட்டை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை இணைத்த கோட்டை. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 2025 ஜூலையில், மராத்தியர்களின் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெயில் ஏறும் முன் ராஜகிரி ஏற விரும்புகிறவர்கள் காலையில் நேராக இங்கே வந்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

4. கீழ்மாவிலங்கை: திண்டிவனம் அருகே. சின்னஞ்சிறு குடைவரை, பாறையிலேயே செதுக்கிய நின்ற கோலத் திருமால்.

போனை எப்படிப் பயன்படுத்துவது?
கிராமப் பகுதியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கல்வெட்டைப் படமெடுக்கச் சுண்ணாம்பு, சாக்பீஸ் பூச வேண்டாம். காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகத் தெளியும். டிரோன் பறக்கவிட முன்அனுமதி தேவை.

பெயர் கிறுக்கினால் என்ன ஆகும்?
இவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செங்கல்லும் மரமும் அழியும் என்றுதானே பாறையைக் குடைந்தார்கள்? அதே பாறையில் நாம் கீறும் கோடும் அழியாது. யாராவது கீறுவதைப் பார்த்தால் அங்குள்ள காவலரிடம் உடனே சொல்லுங்கள்.

பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.